திரைக்குப் பின்னால் நின்று நிகழ்ச்சியை நடத்துபவர்: மேடை மேலாண்மை கற்போருக்குப் பெங்களூரு தரும் பாடங்கள்

பெங்களூரு: நாடக அரங்கில் விளக்குகள் அணைகின்றன. நடிகர் இருளில் நடந்து தமக்குரிய இடத்தை அடைகிறார். இசை ஒலிக்கிறது, ஒளி பரவுகிறது. பார்வையாளருக்கு இவை இயல்பாக நிகழ்வனவாகத் தோன்றும். உண்மையில், இவை ஒவ்வொன்றும் திரைக்குப் பின்னால் இருக்கும் ஒருவர் தரும் குறிப்பால் நிகழ்கின்றன. அவரே மேடை மேலாளர்.

நாடகம், நடனம், யக்ஷகானம், கர்நாடக இசை, ராக் இசை என்று பலவகை நிகழ்கலைகள் ஒரே நகரில் நடைபெறும் பெங்களூரு, இத்தொழிலைக் கற்க விரும்புவோருக்கு ஏற்ற களமாக உள்ளது.

பணி என்ன?

ஒத்திகை தொடங்கும் நாளிலேயே மேடை மேலாளரின் பணியும் தொடங்குகிறது. அரங்கின் அளவைத் தரையில் ஒட்டுநாடாவால் குறிப்பது, நடிகர்களின் வருகை, நகர்வு ஆகியவற்றைப் பதிவு செய்வது, மேடைப் பொருட்களின் பட்டியலைப் பேணுவது ஆகியவை அவரது பொறுப்பு. இவையனைத்தும் ஒரே குறிப்பேட்டில் இடம்பெறும். ஒளி, ஒலி, திரை மாற்றம் ஆகியவற்றுக்கான குறிப்புகள் அதில் எண்ணிடப்பட்டிருக்கும். மேலாளர் வர இயலாத நாளில், வேறொருவர் அக்குறிப்பேட்டைக் கொண்டே நிகழ்ச்சியை நடத்த இயல வேண்டும் என்பதே அதன் தரத்திற்கான அளவுகோல்.

நிகழ்ச்சியின்போது ஒவ்வொரு குறிப்பும் இருமுறை சொல்லப்படும். முதலில் ஆயத்தமாக இருக்குமாறு எச்சரிக்கை. பின்னர் உரிய நொடியில் செயல்படுத்த ஆணை. காலக் கணக்கும் கடுமையானது. பிரிட்டன் அரங்குகளில் ‘அரை மணி’ அழைப்பு, திரை உயர்வதற்கு 35 நிமிடங்களுக்கு முன்பே விடுக்கப்படுகிறது. முதற்காட்சி நடிகர்கள் 5 நிமிடம் முன்னதாகவே தங்கள் இடத்தில் நிற்க வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

பழைய மரபு

இப்பணி இந்தியாவுக்குப் புதியதன்று. நாட்டிய சாஸ்திரம் குறிப்பிடும் ‘சூத்திரதாரன்’ என்ற சொல்லுக்கு நூலைப் பிடிப்பவர் என்பது பொருள். கர்நாடகத்தில் 1884-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட குப்பி நாடகக் குழு, குப்பி வீரண்ணாவின் காலத்தில் ‘குருக்ஷேத்திரம்’ நாடகத்துக்காக யானைகளையும் குதிரைகளையும் மேடையேற்றியது. தமிழ் மேடையில் ஆர்.எஸ்.மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் தந்திரக் காட்சிகளுக்குப் பெயர் பெற்றது. இத்தகைய காட்சிகள், திரைக்குப் பின்னால் நிற்போரின் ஒழுங்கின்றி நடைபெற்றிருக்க இயலாது.

குறிப்பு எங்கிருந்து வருகிறது?

மேடை மேலாண்மையின் அடிப்படை எல்லாக் கலைகளுக்கும் பொதுவானது. ஆனால், அடுத்த செயலுக்கான குறிப்பு எங்கிருந்து பிறக்கிறது என்பது கலைக்குக் கலை மாறுபடுகிறது. அதை அறிவதே இக்கல்வியின் மையம்.

நாடகத்தில் குறிப்பு உரையாடலிலிருந்து வருகிறது. நடிகர் குறிப்பிட்ட சொல்லை உச்சரிக்கும்போது ஒளி மாற வேண்டும். ஆகவே பிரதியை நுணுக்கமாகக் கற்பது முதற்பாடமாகும். பெங்களூரு ஜே.பி.நகரில் 2004-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரங்க சங்கரா அரங்கம் காலந்தவறாமைக்குப் பெயர் பெற்றது. நடிகர் சங்கர் நாக் நினைவாக அருந்ததி நாக் முன்னின்று உருவாக்கிய இவ்வரங்கில், தாமதமாக வருவோர் அனுமதிக்கப்படுவதில்லை. பார்வையாளருக்கு அவ்விதி பொருந்தும்போது, மேடைக்குப் பின்னால் இருப்போருக்கு அது மேலும் கடுமையாகப் பொருந்தும்.

யக்ஷகானத்தில் நூலைப் பிடிப்பவர் மறைந்திருப்பதில்லை. பாகவதர் மேடையிலேயே அமர்ந்து பாடியபடி முழு நிகழ்ச்சியையும் நடத்துகிறார். பாத்திரம் எப்போது நுழைவது, உரையாடல் எப்போது முடிவது என்பதை அவரது பாடலும் தாளமும் தீர்மானிக்கின்றன. உரையாடல்கள் பெரும்பாலும் மேடையிலேயே புனையப்படுவதால், எழுதிய குறிப்பேட்டை மட்டும் நம்பி இங்கு பணியாற்ற இயலாது. பாகவதரைக் கூர்ந்து கவனிப்பதே வழி.

பரதநாட்டியத்தில் நட்டுவனாரின் தாளமும் ஜதியும் குறிப்பாகின்றன. தீர்மானம் எந்த அட்சரத்தில் முடிகிறது என்பதை அறியாதவர் ஒளியை உரிய நொடியில் மாற்ற முடியாது. நடனக் கலைஞர் வெறுங்காலுடன் ஆடுவதால் தரைச் சோதனையும் இன்றியமையாதது. ஆணி, மரச்சிராய், முந்தைய நடனத்தில் உதிர்ந்த சலங்கை மணி ஆகிய ஒவ்வொன்றும் காயம் விளைவிக்கக்கூடியவை.

கர்நாடக இசைக் கச்சேரியில் பிரதி என்று ஒன்று இல்லை. ஆலாபனை எவ்வளவு நேரம் நீளும், தனி ஆவர்த்தனம் எப்போது முடியும் என்பவை மேடையிலேயே முடிவாகின்றன. எனவே, மேலாளரின் பணியில் பெரும்பகுதி கச்சேரிக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். ஒலிவாங்கிகளின் இடம், பாடகர் தம் குரலையும் சுருதியையும் கேட்கும் அளவு, குளிரூட்டியால் மிருதங்கத்தின் சுருதி மாறாமல் காத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும். வயலின் வடிவில் 1980-ஆம் ஆண்டு எழுப்பப்பட்ட சௌடையா நினைவு மண்டபத்தில் ஒரு வகையான ஏற்பாடு போதும். ராமசேவா மண்டலி 1939 முதல் நடத்திவரும் ராமநவமி இசை விழாவுக்காகச் சாமராஜப்பேட்டையில் அமைக்கப்படும் பந்தலில், மழையையும் தெருவோசையையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

ராக் இசை நிகழ்ச்சியில் கடிகாரமே எசமான். எந்தக் கருவி மேடையில் எங்கு நிற்கும் என்ற வரைபடமும் ஒலி இணைப்புகளின் பட்டியலும் முன்கூட்டியே பெறப்படுகின்றன. ஒரு குழு இறங்கி அடுத்த குழு ஏறும் இடைவெளியைச் சில நிமிடங்களுக்குள் முடிப்பதில்தான் மேலாளரின் திறமை வெளிப்படுகிறது.

உயிர் காக்கும் பொறுப்பு

இக்கல்வியின் மிக முக்கியமான பகுதி பாதுகாப்பு. 1981 பிப்ரவரி 7 அன்று பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பற்றியதில் 90-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். 1903 டிசம்பர் 30 அன்று சிகாகோவின் இராக்குவா அரங்கில் மேடை விளக்கிலிருந்து திரைச்சீலையில் பற்றிய தீ, 600-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. தீத்தடுப்புத் திரை பாதியிலேயே சிக்கிக்கொண்டது. வெளியேறும் கதவுகள் பல திறக்கவில்லை. அதன் பின்னரே, வெளிப்புறம் திறக்கும் கதவுகள் குறித்த விதிகள் அமெரிக்காவில் இறுக்கமாயின.

நிறுத்துவதற்கான துணிவும் பயிற்சியின் ஒரு பகுதியே. 2011 அக்டோபர் 28 அன்று குர்கானில் நடைபெறவிருந்த மெட்டாலிகா குழுவின் நிகழ்ச்சி, பார்வையாளர் பாதுகாப்புக் காரணமாகக் கடைசி நேரத்தில் நிறுத்தப்பட்டது. சினமுற்ற கூட்டத்தினர் மேடைப் பகுதிக்குள் புகுந்து கருவிகளைச் சேதப்படுத்தினர். இரண்டு நாட்களுக்குப் பின் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் அதே குழு நிகழ்ச்சி நடத்தியது. நிறுத்துவதால் வரும் இழப்பு பெரிது. நிறுத்தாமல் விடுவதால் நேரக்கூடியது அதனினும் பெரிது என்பதையே அந்நிகழ்வு உணர்த்தியது.

எங்கு கற்கலாம்?

லண்டனிலுள்ள ராயல் அகாதெமி ஆஃப் டிராமாட்டிக் ஆர்ட் போன்ற நிறுவனங்களில் மேடை மேலாண்மை பட்டப்படிப்பாகவே உள்ளது. இந்தியாவில் அது பெரும்பாலும் நாடகக் கல்வியின் ஒரு பகுதியாகவே கற்பிக்கப்படுகிறது. டெல்லியில் 1959-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசிய நாடகப் பள்ளி மூன்றாண்டுப் பட்டயப் படிப்பை வழங்குகிறது. அதன் மையம் ஒன்று பெங்களூரிலும் இயங்குகிறது.

சிவமொக்கா மாவட்டம் ஹெக்கோட்டில் கே.வி.சுப்பண்ணாவின் முயற்சியால் வளர்ந்த நீநாசம், 1980-ஆம் ஆண்டு நாடகப் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. 1985 முதல் இயங்கும் அதன் ‘திருகாட்ட’ பயணக்குழு, ஊர் ஊராகச் சென்று நாடகம் நடத்துகிறது. ஒவ்வோர் ஊரிலும் மேடையின் அளவும் மின்வசதியும் மாறுவதால், அத்தகைய பயணம் எந்த வகுப்பறையும் தர இயலாத பயிற்சியாகும். தமிழ் மாணவர்களுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைத் துறை அருகிலுள்ள வாய்ப்பு.

நாடகக் குழுக்களை நிர்வகிப்பதற்கான ‘ஸ்மார்ட்’ பயிற்சித் திட்டத்தைப் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், இந்தியா தியேட்டர் ஃபோரம், ஜுனூன் ஆகியவை இணைந்து உருவாக்கின. இது மேடைப் பணியைவிடக் குழுவின் நிதி, திட்டமிடல் ஆகியவற்றில் கவனம் செலுத்துவது.

தொடக்கம் எளிது

பட்டம் இல்லாதவரும் இத்துறைக்குள் நுழையலாம். உள்ளூர் நாடகக் குழுவிலோ சபாவிலோ மேடைப் பொருட்களைக் கவனிக்கும் உதவியாளராகத் தொடங்குவதே வழக்கமான பாதை. நினைவாற்றலைவிட எழுதி வைக்கும் பழக்கமும், உரத்த குரலைவிடப் பதறாத குரலும் இங்கு மதிக்கப்படுகின்றன. ஒரே வகைக் கலையோடு நின்றுவிடாமல் நாடகம், நடனம், கச்சேரி என மூன்றிலேனும் பணியாற்றியவருக்கு வேலைவாய்ப்பும் விரிகிறது. குறிப்பு எங்கிருந்து வரும் என்பதை உணரும் ஆற்றலும் கூடுகிறது.

நிகழ்ச்சி முடிந்தபின் கைதட்டல் மேடையில் நிற்போருக்குக் கிடைக்கிறது. அந்நேரத்தில் மேடை மேலாளர் அன்றைய குறைகளை அறிக்கையாக எழுதிக்கொண்டிருப்பார். மறுநாள் அதே பிழை நிகழாதிருப்பதற்கு அவ்வறிக்கையே உறுதி.