மரண வெளியில் ஒரு வயல்

கல்லை நட்டும் தூணை நிறுத்தியும் வரலாற்றைப் பேணுதல் தொன்றுதொட்ட வழக்கம். நிலத்தையே கலைப்பொருளாகக் கொண்டு நினைவைப் பேணும் முயற்சியோ அண்மைக் காலத்தது. இதனை நிலக்கலை என்பர். எல்லையாய் இருந்து அத்தன்மையை இழந்த நிலத்தில் இக்கலை பெறும் பொருளை அறியப் பெர்லின் நகரின் பெர்னவர் தெரு தக்கதொரு சான்றாகும்.

1961 ஆகஸ்டு 13இல் கிழக்கு ஜெர்மனி அரசு எல்லையை அடைத்தபோது, இத்தெருவின் ஒருபுறத்து வீடுகள் கிழக்கிலும் அவற்றின் வாயிலை ஒட்டிய நடைபாதை மேற்கிலும் அமைந்தன. சன்னல் வழியே குதித்துத் தப்ப முயன்றோருள் சிலர் உயிரிழந்தனர். 1894இல் எழுந்த ஒப்புரவு ஆலயம் காவல் வெளிக்குள் அகப்பட்டது. சபையாருள் பெரும்பாலோர் மேற்கே வாழ்ந்தமையின் அவர்கள் தம் ஆலயத்தை இழந்தனர். 1985 சனவரியில் அரசு அதனை வெடிவைத்துத் தகர்த்தது. ஐந்தாண்டு நிறையுமுன், 1989 நவம்பர் 9இல், எல்லை திறந்தது.

அதன்பின் எழுந்த வினா எளிதன்று. மதிலைச் சுவடின்றி அகற்றவே பலர் விரும்பினர். அச்சபையின் போதகர் மான்ஃபிரெட் ஃபிஷர் எஞ்சிய பகுதியைக் காக்க வேண்டுமென வாதாடினார். அண்டையிலிருந்த சோஃபியன் சபையோ, மதில் தன் இடுகாட்டின்மேல் எழுந்தது என்றும், போரில் மாண்டோர் அங்குப் புதையுண்டுள்ளனர் என்றும் கூறி, 1997இல் அதன் ஒரு பகுதியை அகற்றியது. ஒரு நினைவைக் காத்தல் மற்றொரு நினைவை மறைப்பதாகவும் முடியும் என்பதனை இப்பூசல் உணர்த்துகிறது.

பழைய ஆலயம் நின்ற இடத்தில் 2000ஆம் ஆண்டு சிற்றாலயம் ஒன்று எழுந்தது. இடித்துக் கெட்டிப்படுத்திய மண்ணே அதன் சுவர். தகர்க்கப்பட்ட ஆலயத்தின் செங்கற்சில்லுகள் அம்மண்ணில் கலந்துள்ளன. 2005இல், சிற்பி மிகாயேல் ஸ்பெங்லரின் எண்ணப்படி, அதனைச் சூழ 'ரை' என்னும் தானியம் விதைக்கப்பட்டது. காவலர் பார்வைக்கு மறைவின்றி வெறுமையாக வைக்கப்பட்டிருந்த மண்ணில் கதிர் முற்றியது. அத்தானியத்தின் மாவு திருவிருந்துக்குரிய அப்பமாகிறது. முன்னாளைய இரும்புத்திரையின் கிழக்கே இருந்த நாடுகளுக்கும் இதன் வித்து சென்றது.

பசுமை கொடுமையை மறைத்துவிடாதா என்று வினவலாம். வயல் மட்டுமே இருப்பின் அவ்வாறே ஆகும். ஆயின் அருகில் மதிலின் எச்சம் நிற்கிறது; மதிலில் உயிரிழந்த குறைந்தது 140 பேரின் நினைவும் சிற்றாலய வழிபாட்டில் போற்றப்படுகிறது. நட்ட கல்லை நட்டவரே மறந்துவிடக்கூடும். வயலை அவ்வாறு மறத்தல் இயலாது. ஆண்டுதோறும் உழுது விதைப்பார் இல்லையேல் அது களை மண்டிய தரிசாகும். நினைவு என்பது ஒருமுறை நிறுவி முடிக்கும் செயலன்று, இடையறாத உழைப்பு என்பதே இந்நிலக்கலை நமக்கு உரைக்கும் செய்தியாகும்.