இடுப்புப் பிடிப்பு மாத்திரையும் நம்ம செங்காந்தளும்

1/ நடவு சீசன்ல டெல்டாவுல இடுப்புப் பிடிப்புன்னு வர்றவங்க கையில அடிக்கடி பார்க்கிற மாத்திரை தயோகோல்சிகோசைடு. தசை இறுக்கத்தைத் தளர்த்துறது. இதோட பூர்வீகம் நம்ம மாநில மலர் செங்காந்தள்!

2/ கிழங்கு கலப்பை மாதிரி இருக்கிறதால கலப்பைக் கிழங்குன்னும் பேர். வேதாரண்யம் பக்கம் விதைக்காகவே பயிரிடுறாங்க. கிழங்கும் விதையும் கொடிய விஷம்.

3/ 1820-ல் பிரான்ஸில் வேறொரு செடியிலிருந்து கோல்சிசினைப் பிரித்தார்கள். அதே விஷம் செங்காந்தளிலும் இருப்பது 1915-ல் தெரிந்தது. அந்தக் குடும்பத்துப் பொருளை மாற்றி, 1950-களில் பிரான்ஸில் தயோகோல்சிகோசைடை உருவாக்கினார்கள்.

4/ பல்லாண்டு பயன்பாட்டுக்குப் பிறகு, 2013-ல் ஐரோப்பிய மருந்து முகமை எச்சரித்தது: இது உடம்பில் உடைந்து உண்டாகும் ஒரு பொருள், செல் பிரியும்போது குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கலாம். கருவுக்கு ஆபத்து, நாள்பட்டால் புற்றுநோய்க்கும் வாய்ப்பு.

5/ அவர்கள் போட்ட எல்லை: மாத்திரை அதிகபட்சம் 7 நாள், ஊசி 5 நாள். 16 வயதுக்குக் கீழே கூடாது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், கருத்தடை இல்லாமல் கருத்தரிக்க வாய்ப்புள்ள பெண்கள் எடுக்கக் கூடாது.

6/ நாத்து நடுறது பெரும்பாலும் பெண்கள்தான். அதனால பழைய அட்டையைக் காட்டி வாங்காதீங்க, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் கொடுக்காதீங்க. நாள் தள்ளிப்போயிருந்தா, வலிப்பு இருந்தா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லுங்க.

7/ கால் மரத்துப்போனா, பலம் குறைஞ்சா, சிறுநீர் அடைச்சா மாத்திரை தேடாம உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. கிழங்கை அரைச்சுக் குடிக்கிற கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.