நிக்காஹ்வுக்கு முன் ஓர் இரத்தப் பரிசோதனை



நிக்காஹ் பதிவேட்டை விரித்ததும் வலீ யார், மஹர் எவ்வளவு, சாட்சிகள் யாவர் என்று வினவுகிறோம். மணமக்களின் இரத்தத்தில் மறைந்து வரும் நோயைப் பற்றி எவரும் வினவுவதில்லை. அதனை வினவத் தொடங்கிய ஒரு நாட்டின் வரலாறு நமக்குப் படிப்பினையாகும்.

நம் கம்பம் பள்ளத்தாக்கை அணைத்து நிற்கும் மேற்குத் தொடர்ச்சி மலை, வடக்கே நீலகிரி வரை நீள்கிறது. அங்கு வாழும் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணு இரத்தசோகையின் பண்பு இருப்பதை 1952-இல் லேமன், கட்புஷ் ஆகிய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். 1963-இல் அதே லேமன், அரபகத்தின் கிழக்குப் பகுதி மக்களிடமும் அப்பண்பு உள்ளதை மற்ற அறிஞர்களுடன் சேர்ந்து எழுதினார். இவ்விரு நிலத்தாரிடமும் காணப்படும் மரபுக்கூறு ஒரே வகையினது என்று பின்னர் தெரியவந்தது. இன்று அதற்கு 'அரபு இந்திய வகை' என்றே பெயர்.

இப்பண்பைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோயாளி அல்லர், சுமப்பவர் மட்டுமே. மலேரியாவின் கடுமையிலிருந்து அது அவரைக் காக்கவும் செய்கிறது. ஆனால் கணவன், மனைவி இருவருமே சுமப்பவராயின், ஒவ்வொரு கருவிலும் குழந்தை நோயுடன் பிறக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூவரும் தப்பினர் என்று கணக்கிடுவது பிழை. தலசீமியாவும் இவ்வாறே வருகிறது. அது கடுமையாகத் தாக்கிய குழந்தைக்குச் சில வாரங்களுக்கொரு முறை, வாழ்நாள் முழுதும் இரத்தம் ஏற்ற வேண்டும்.

சவூதி அரேபியா 2004-இல் நிக்காஹ்வுக்கு முன் இப்பரிசோதனையைக் கட்டாயமாக்கியது. திருமணத்தை அது தடுக்கவில்லை. அறிவித்து, முடிவை மணமக்களிடமே விட்டது. இருவருமே சுமப்பவர் என்று அறிந்த இணைகளுள், அவ்வாண்டில் மணத்தைக் கைவிட்டோர் நூற்றுக்கு 9.2 மட்டுமே. பத்திரிகை அடித்து, ஊரை அழைத்த பின் முடிவு வந்தால் யார்தான் பின்வாங்குவர்? மக்கள் விழிப்புற்றபின், 2009-இல் அது 51.9 ஆனது.

சகோதரர்களே! மாமன் மகள், அத்தை மகன் உறவில் மணம் ஷரீஅத்தில் ஆகுமானது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆயினும் ஒரே பாட்டனாரின் மரபுக்கூறு இரு வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு அங்கு மிகுதி. எனவே பேச்சு முடிக்கும் முன்பே மாப்பிள்ளை, பெண் இருவருக்கும் ஹீமோகுளோபின் பகுப்பாய்வு செய்யுங்கள். பெண்ணை மட்டும் சோதிப்பது நீதியன்று. முடிவை ஊரில் பரப்புவது அமானிதத்திற்குச் செய்யும் மோசடி. ஒருவர் மட்டும் சுமப்பவராயின் அந்த நோய்க்காக அஞ்சவோ, சம்பந்தத்தை முறிக்கவோ காரணமில்லை.

முன்பே மணமுடித்தவர்கள், கருவுறும் முன் மருத்துவரை நாடுங்கள். குழந்தை வெளிறி வாடும்போது மருமகளைப் பழிக்காதீர்கள். இருவரும் தந்தாலன்றி இந்நோய் வருவதில்லை.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்கல் வைக்கக் கற்றுத்தரப்பட்ட சமுதாயம் நாம். அறிந்து நடக்கும் நல்லறிவை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.