கோட்டுக்கு வெளியே நடக்கும் ஆட்டம்

1950 நவம்பர் 22 அன்று மினியாபொலிஸ் நகரில் நடந்த ஒரு கூடைப்பந்து ஆட்டம் 19-18 என்று முடிந்தது. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் வரலாற்றில் இதைவிடக் குறைந்த புள்ளிகளில் எந்த ஆட்டமும் முடிந்ததில்லை. சொந்த மண்ணில் ஆடிய லேக்கர்ஸ் அணியில் ஜார்ஜ் மைக்கன் இருந்தார். ஆறடி பத்து அங்குல உயரம். கூடைக்கு அருகில் அவர் கைக்குப் பந்து போய்விட்டால் தடுப்பது கஷ்டம். எதிரணியான ஃபோர்ட் வேய்ன் பிஸ்டன்ஸின் பயிற்சியாளர் மரே மெண்டன்ஹால் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பந்தை எறிந்தால்தானே அது மைக்கனிடம் போகும்? அவருடைய ஆட்கள் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நேரத்தைப் போக்கினார்கள். காசு கொடுத்து வந்த கூட்டம் கத்தித் தீர்த்தது. லேக்கர்ஸ் எடுத்த 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையவை. ஆனாலும் கடைசி நொடிகளில் லாரி ஃபவுஸ்ட் போட்ட ஒரே கூடையில் பிஸ்டன்ஸ் வென்றது.

மெண்டன்ஹால் எந்த விதியையும் மீறவில்லை. பந்தை எத்தனை நேரம் வைத்திருக்கலாம் என்று அன்றைக்கு விதியே கிடையாது. அந்த ஓட்டையை அடைக்க நான்கு ஆண்டுகள் ஆயின. சிரக்யூஸ் நேஷனல்ஸ் அணியின் உரிமையாளர் டேனி பயசோன் எளிய கணக்கு ஒன்றைப் போட்டார். ஆட்டம் 48 நிமிடம், அதாவது 2,880 நொடி. விறுவிறுப்பான ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை கூடையை நோக்கி எறிகின்றன. வகுத்தால் 24. 1954இல் 24 நொடிக் கடிகாரம் வந்தது. இன்று உலகமே ரசிக்கும் வேகம், ஒரு பயிற்சியாளர் வேகத்தைக் கொன்றதால் பிறந்தது.

பாஸ்டன் செல்டிக்ஸின் ரெட் அவர்பாக் வேறு ரகம். ஒன்பது முறை அணியைச் சாம்பியனாக்கிய அவர், எதிராளியின் மனத்தோடும் ஆடினார். வெற்றி உறுதியானதும், ஆட்டம் முடியும் முன்பே பெஞ்சில் உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைப்பார். 1957 இறுதிச்சுற்றில் செயின்ட் லூயிஸ் போனபோது, கூடையின் உயரம் சரியில்லை என்று ஆட்டத்துக்கு முன்பே புகார் கிளப்பினார். அதைக் கேட்டு வந்த ஹாக்ஸ் அணியின் உரிமையாளர் பென் கெர்னரோடு தகராறு முற்றி, அவர் முகத்தில் குத்தியும் விட்டார். அபராதம் 300 டாலர். பாஸ்டன் கார்டன் அரங்கில் விருந்தினர் உடைமாற்றும் அறையில் வெயில் காலத்தில் வெக்கையும் குளிர்காலத்தில் குளிரும் வாட்டும், குழாயில் வெந்நீர் வராது என்று எதிரணிகள் பல காலம் புலம்பின. எல்லாம் அவர்பாக்கின் வேலை என்பது அவர்கள் சந்தேகம்.

அவருடைய சிறந்த ஆட்டம் 1966இல் நடந்தது. இறுதிச்சுற்றின் முதல் ஆட்டத்தில் லேக்கர்ஸ் வென்றிருந்தது. மறுநாள் செய்தித்தாள்களில் அவர்கள் புகழ்தான் வந்திருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து, தான் விலகப்போவதாகவும் அடுத்த பயிற்சியாளர் பில் ரஸ்ஸல் என்றும் அவர்பாக் அறிவித்தார். என்.பி.ஏ.வின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர்! லேக்கர்ஸின் வெற்றி பின்னுக்குப் போய்விட்டது. ஏழு ஆட்டம் வரை நீண்ட தொடரைச் செல்டிக்ஸ் வென்றது. இதை யாரும் குற்றம் சொல்ல முடியாது. ஒரு நல்ல முடிவை நல்ல நேரத்தில் அறிவித்தார், அவ்வளவுதான்.

பத்தாண்டு கழித்து, அதே பாஸ்டனில் 1976 இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டம். இரண்டாம் கூடுதல் நேரத்தில் ஒரு நொடி மிச்சம், ஃபீனிக்ஸ் சன்ஸ் ஒரு புள்ளி பின்னால். பந்தை மைதானத்தின் மறுகோடியிலிருந்து உள்ளே எறிய வேண்டும். ஒரு நொடியில் அங்கிருந்து கூடை போடுவது நடக்காத காரியம். டைம் அவுட்டுகளும் தீர்ந்துவிட்டன. அப்போது ஃபீனிக்ஸின் பால் வெஸ்ட்ஃபால், இல்லாத டைம் அவுட்டைக் கேட்டார். தண்டனையாகப் பாஸ்டனுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடையை நோக்கி எறியும் வாய்ப்பு, கிடைத்தது; வித்தியாசம் இரண்டு புள்ளியானது. ஆனால் அன்றைய விதிப்படி டைம் அவுட்டுக்குப் பின் பந்து நடுக்கோட்டிலிருந்து உள்ளே வரும். கார் ஹெர்ட் உயர எறிந்த பந்து கூடைக்குள் விழுந்தது. ஆட்டம் மூன்றாம் கூடுதல் நேரத்துக்குப் போய், பாஸ்டன் 128-126 என்று வென்றது. விதியை உடைத்தால் லாபம் என்ற அந்த வழியை லீக் விரைவிலேயே விதி மாற்றி மூடியது.

வெஸ்ட்ஃபாலின் செயல் தந்திரம்தான். ஆனால் பல்லாயிரம் பேர் முன்னால், நடுவரிடம் சொல்லி, ஒரு புள்ளி விலை கொடுத்துச் செய்த தந்திரம். இதற்கு நேர் எதிரானதை ஜேசன் கிட்டின் வாழ்க்கையில் பார்க்கலாம்.

2010 பிப்ரவரியில் அட்லாண்டாவில் டல்லஸ் வீரராக ஆடிக்கொண்டிருந்த கிட், எதிரணிப் பயிற்சியாளர் மைக் உட்சன் கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் நிற்பதைக் கவனித்தார். பந்தோடு போய் வேண்டுமென்றே அவர் மேல் மோதினார். ஒழுங்கு மீறலுக்காக உட்சனுக்கு டெக்னிகல் ஃபவுல். கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டியவர் உள்ளே நின்றார். கிட் அதை அம்பலப்படுத்தினார். நியாயம்தான். நேர் எதிரானது பிறகு வந்தது.

2013 நவம்பர் 27 அன்று அவர் ப்ரூக்ளின் நெட்ஸின் புதிய பயிற்சியாளர். லேக்கர்ஸ் முன்னிலை, 8.3 நொடி மிச்சம், நெட்ஸிடம் டைம் அவுட் இல்லை. கையில் பானத்தோடு நின்ற கிட், தன்னை நோக்கி வந்த வீரர் டைஷான் டெய்லரிடம் ‘என்னை இடி’ என்று சொன்னது உதட்டசைவில் தெரிந்தது. பானம் தரையில் கொட்டியது. துடைத்து முடிப்பதற்குள் உதவிப் பயிற்சியாளர் வீரர்களைக் கூட்டி அடுத்த நகர்வை விளக்கிவிட்டார். பால் பியர்ஸ் எறிந்த பந்து தவறியது. லேக்கர்ஸ் 99-94 என்று வென்றது. வியர்த்த கையிலிருந்து கோப்பை நழுவியது என்று கிட் முதலில் சொன்னார். லீக் நம்பவில்லை; 50,000 டாலர் அபராதம் போட்டது.

இங்கே விலை எதுவும் களத்தில் கொடுக்கப்படவில்லை. தரை துடைப்பவரின் வேலையைக் கருவியாக்கி, திருடிய டைம் அவுட் அது. விபத்து என்று சொன்னது அதைவிட மோசம்.

அபராதம் பாடம் கற்பித்ததா? 2022 பிளே ஆஃப் சுற்றுகளில் கிட் பயிற்சியளித்த டல்லஸ் அணியின் பெஞ்ச், ஆட்டம் நடக்கும்போதே எழுந்து களத்தின் ஓரத்தில் நெருங்கி நின்றது. லீக் முதலில் 25,000, பிறகு 50,000, பிறகு 1,00,000 டாலர் என்று மூன்று முறை அபராதம் போட்டது. தொகை இரட்டித்துக்கொண்டே போனது, நிற்பது நிற்கவில்லை.

பயிற்சியாளர்கள் கோட்டோரம் நின்று நல்லதும் செய்திருக்கிறார்கள். 2003 ஏப்ரல் 25 அன்று போர்ட்லண்டில், தேசிய கீதம் பாடிய 13 வயதுச் சிறுமி வரிகளை மறந்து திகைத்தாள். போர்ட்லண்ட் பயிற்சியாளர் மாரிஸ் சீக்ஸ் நடந்துபோய் அவள் தோளில் கைபோட்டுக் கூடவே பாடினார். அரங்கம் முழுவதும் சேர்ந்துகொண்டது. 2023இல் சான் அன்டோனியோ ரசிகர்கள் தங்கள் பழைய வீரர் கவாய் லெனர்டை ஃப்ரீ த்ரோ எறியும்போது ஏளனம் செய்தார்கள். பயிற்சியாளர் கிரெக் போபோவிச் அரங்கின் ஒலிவாங்கியை வாங்கி, நிறுத்துங்கள், இது நம் பண்பு அல்ல என்று சொந்த ரசிகர்களையே கண்டித்தார். எதிராளியின் தவறிய ஃப்ரீ த்ரோ தன் அணிக்கு லாபம் என்று தெரிந்தும் சொன்னார்.

இந்தப் பெருந்தன்மையை எந்த விதியும் உண்டாக்காது. ஆனால் தில்லுமுல்லை விதியால் நிறுத்த முடியும் என்பதற்கு 1954ம் 1976ம் சாட்சி. கோடிக்கணக்கில் சம்பளம் வாங்கும் உலகில் 50,000 டாலர் ஒரு தண்டனையே அல்ல. பானத்தைக் கொட்டி நேரம் திருடினால் எதிரணிக்கு அங்கேயே ஃப்ரீ த்ரோவும் பந்தும் கொடுக்கட்டும். தண்டனையை என்.பி.ஏ. பணத்தில் அல்ல, புள்ளியில் வசூலிக்க வேண்டும்.