நிலத்தடியில் இட்ட நெருப்பு

மாத்தளைப் பகுதியிற் சுண்ணாம்புச் சூளையைக் கண்டோர், கல்லை வெட்டி நெருப்பிடம் கொணரும் முறையை அறிவர். அம்மாவட்டத்துப் பாறைகள், பளிங்குருவான சுண்ணக்கல் உட்பட, தொல்லூழியிற் பெருவெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவை. ஆதலின் அவற்றினிடையே எண்ணெய் தங்கிய மணலைத் தேடுதல் வீண். நெருப்பைக் கல்லிடம் கொண்டுசெல்லும் மறுதலையான முறையைக் காண, குசராத்து மாநிலத்து மகசானாவை நோக்குதல் வேண்டும்.

அங்குள்ள பலோல் எண்ணெய்வயல் 1970இற் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 1000 மீற்றர் ஆழத்து மணற்படையில் எண்ணெய் இருந்தும், அது பாகெனத் தடித்திருந்தமையால் நிலநீரே முந்திக் கிணற்றை அடைந்தது. இயல்பான முறையால் ஆறிலொரு பங்கேனும் கிட்டாதென மதிப்பிட்டனர். 1990இல், வளியை உட்செலுத்தி எண்ணெயின் ஒரு கூற்றை மணலுக்குள்ளேயே எரிக்கும் சோதனை தொடங்கிற்று. 1997இல் அது வணிக அளவிற் கைக்கொள்ளப்பட்டது. பெரிதும் எரிவது மணலிற் படிந்து எஞ்சும் கரியே. அதன் வெப்பம் முன்னுள்ள எண்ணெயை இளக்கித் தள்ளுகின்றது.

ஆயின் சூடேறுவது எண்ணெய் மட்டுமோ? மணலும் வாளாவிருப்பதில்லை என்பதற்கான குறிப்பு, முன்னரே வேறோரிடத்தில் தற்செயலாகக் கிடைத்திருந்தது. 1959இல் வெனிசுவேலாவின் மெனே கிராண்டேயில் ஷெல் நிறுவனத்தார் கொதிநீராவியைச் செலுத்தியபோது, அது நிலத்தைப் பிளந்து மேலே சீறிற்று. அமுக்கத்தைத் தணிக்கக் கிணற்றைத் திறந்தனர். எதிர்பாராத அளவில் எண்ணெய் வந்தது. வந்த எண்ணெயே பெரிதும் பேசப்பட்டது. பிளந்த நிலமும் அதே அளவு பேசப்பட்டிருத்தல் வேண்டும் என்பது என் கருத்து.

கனடாவின் அல்பேர்ட்டா மணலிலுள்ள தாரெண்ணெய், நீரினும் பத்து இலட்சம் மடங்கு பிசுக்குடையது. 200 பாகை செல்சியசில் அப்பிசுக்கு நீரினதைப்போற் பத்து மடங்களவுக்கு வீழும். அவ்வேளை மணலிடைப் பாய்மங்கள் விரிய, அமுக்கம் ஏறும். நெருங்கிப் பிணைந்த மணல்மணிகள் ஒன்றன்மேலொன்று ஏறிப் புரள, இடைவெளி பெருகும். நீராவிக்கு வழி திறக்கும், மேனிலமும் உயரும். வழி திறத்தல் நன்றே, மூடுபாறை தாங்கும்வரை. 2006 மே மாதம் அல்பேர்ட்டாவின் ஜொஸ்லின் களத்தில் அது தாங்கவில்லை. நீராவி வெடித்தெழுந்து காட்டுநிலத்திற் பெருங்குழியொன்றைத் தோண்டிற்று. பலோலில் நெருப்பின்மேல் 1000 மீற்றர் நிலம் உண்டு. ஜொஸ்லினில் நீராவியின்மேல் இருந்தது ஏறத்தாழ நூறு மீற்றரே.