கடல் முள்ளெலியும் அதன் பகைவர்களும்

நெய்க்காரப்பட்டியில் கிணறு வெட்டுவோர் சிறிது ஆழத்திலேயே கடும்பாறையைக் காண்பர். பூமியின் ஆழத்தே பெருவெப்பத்தில் வெந்து உருமாறிய பாறை அது. அதனுள் சங்கோ சிப்பியோ தேடிப் பயனில்லை. கிழக்கே திருச்சியையும் கடந்து அரியலூர்ப் பக்கம் சென்றாலோ, ஓடைக்கரைகளில் கல்லாய்ச் சமைந்த கடலுயிர்கள் கிடக்கின்றன. ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் அலை புரண்டது.

அவ்வுயிர்களுள் ஒன்று கடல் முள்ளெலி. 1846-இல் எட்வர்டு போர்ப்ஸ் என்பார் தென்னிந்தியத் தொல்கடல் உயிர்களைப் பற்றி எழுதினார். பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் பெர்டினாண்டு ஸ்டோலிக்ஸ்கா 1873-இல் இங்குள்ள முள்ளெலிகளை விரிவாக விளக்கினார். மறு ஆண்டே லடாக்கின் பனிமலைப் பாதையில் அவர் மாண்டார். லேயில் அடக்கம் செய்யப்பட்டார். மொரேவியாவில் பிறந்த ஒருவர் நம் கரிசல் மண்ணின் கடலைப் படித்துக் காட்டினார் என்பது வியப்பன்றோ?

அவர் விளக்கியவற்றுள் ஹெமியாஸ்டர் என்பது இதய வடிவினது. பழைய முள்ளெலி உருண்டை. வாய் கீழே, கழிவுவாய் உச்சியில். நீண்ட முட்களே அதன் அரண். ஏறத்தாழ 25 கோடி ஆண்டுகளுக்கு முன் நேர்ந்த பேரழிவில் இக்குலம் அற்றுப்போகும் நிலையை எட்டியது. எஞ்சிய மிகச் சிலவற்றின் வழித்தோன்றல்களுள் ஒரு கிளை, ஜுராசிக் காலத்தில் மணலுக்குள் புகுந்தது. முட்கள் மயிர் போலக் குறுகின, கழிவுவாய் பின்புறம் நகர்ந்தது, உருண்டை நீண்டது.

ஏன் புகுந்தது? பகைவனுக்கு அஞ்சி என்பது எளிய விடை. ஓடுடைக்கும் நண்டும் மீனும் பெருகியதால் கடலுயிர்கள் யாவும் அரண் தேடின என்று கீராட் வெர்மெய் 1977-இல் கூறினார். அழகிய கருத்துத்தான். ஆயினும், மண்ணுக்குள் உணவும் உண்டு என்பதை மறத்தலாகாது.

பகைவருள் கொடியது ஒரு நத்தை. தலைக்கவசம் போன்ற ஓடுடைய அது, இன்றும் மன்னார் வளைகுடாவில் வாழ்கிறது. முள்ளெலியின்மேல் தன் பாதத்தைக் கவிழ்த்து முட்களை அமுக்கும்; கந்தக அமிலம் கலந்த உமிழ்நீரால் ஓட்டைக் கரைத்து, அரம் போன்ற நாவால் வட்டமாக அறுத்து, துதிக்கையை உள்ளே செலுத்தி உண்ணும். மணலுக்குள் ஒளிந்தாலும் இது தோண்டி எடுத்துவிடும்! இவ்வினம் தோன்றியது அரியலூர்க் கடல் இருந்த அதே யுகத்தில்.

அங்ஙனமாயின் அக்கடலின் ஓடுகளில் துளைகள் மலிந்திருத்தல் வேண்டுமே? அருங்காட்சியகத் திரட்டுகளை ஆராய்ந்து 2021-இல் வெளிவந்த ஆய்வு வேறு கூறுகிறது. துளைகள் பெருகியது டைனசார்கள் அழிந்த பின்னரே, அதாவது கடந்த 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளில்தான். முள்ளெலி மண்ணுக்குள் புகுந்து நெடுங்காலம் கழித்தே இந்நத்தை கைவரிசை காட்டியிருக்கிறது. ஆகவே முதன்முதல் மண்ணுக்குள் புகுந்ததற்கு இதைக் காரணமாக்க இயலாது. பிற்கால முள்ளெலிகளை இது எங்ஙனம் மாற்றியது என்பதே பொருத்தமான கேள்வி எனக் கருதுகிறேன்.

இத்தகைய கேள்விகளுக்குச் சான்று ஓடுகளே. அரியலூரின் சுண்ணாம்புக்கல்லோ சிமெண்டுக்காக நாள்தோறும் வெட்டப்படுகிறது. அத்துடன் ஓடுகளும் அரைபடுகின்றன. வாரணவாசியிலுள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குச் செல்லும் மாணவர்கள், முள்ளெலியின் ஓட்டில் சிறு வட்டத்துளை உண்டா என்று திருப்பிப் பார்க்கக் கேட்டுக்கொள்ளுங்கள்.