யந்திரத்திற்குப் பாடஞ் சொன்ன குழந்தைகள்



குழந்தைக்குப் பாடஞ் சொல்லும் யந்திரத்தை ஆக்க முயன்றவர் பலர். 1950 களில் அமெரிக்காவின் ஹாவர்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த உளநூற் பேராசிரியர் ஸ்கின்னர் அத்தகைய யந்திரமொன்றை அமைத்தார். யந்திரம் வினாவும், குழந்தை விடை பகரும், விடை சரியாயின் அடுத்த வினா வரும். அந்நிலையைத் தலைகீழாக்கி, குழந்தையை ஆசிரியனாகவும் யந்திரத்தை மாணாக்கனாகவும் அமர்த்தினால் என்ன என்று வினவினோர் மிகச் சிலரே. செயற்கை நுண்ணறிவைப் பற்றி எல்லோரும் பேசும் இந்நாளில், அச்சிலருடைய வரலாறு பெற்றோரும் ஆசிரியரும் அறியத்தக்கதாகும்.

அவர்களுள் முதன்மையானவர் சீமோர் பேப்பேட். 1928 இல் தென்னாபிரிக்காவிற் பிறந்த இவர், கணிதத்தில் வல்லவர். 1958 முதல் 1963 வரை ஜெனீவா நகரிலே, குழந்தை உளவியல் மேதை பியாஜேயுடன் பணியாற்றினார். குழந்தை, பிறர் ஊற்றுவதை ஏற்கும் வெறும் பாத்திரமன்று. தன் அறிவைத் தானே கட்டி எழுப்புவது என்பது பியாஜே கண்ட உண்மை. பின்னர் பேப்பேட் அமெரிக்கா சென்று, மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மார்வின் மின்ஸ்கியுடன் செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியில் ஈடுபட்டார். யந்திரம் எவ்வாறு சிந்திக்கும் என்ற ஆராய்ச்சியும், குழந்தை எவ்வாறு சிந்திக்கிறது என்ற ஆராய்ச்சியும் அவரிடத்தில் ஒன்றாய்க் கலந்தன.

அக்கலப்பிற் பிறந்ததே 1967 இல் உருவான லோகோ என்னும் கணினிமொழி. வாலி ஃபோய்ர்சைக், சிந்தியா சொலமன் முதலியோர் அதன் ஆக்கத்தில் பங்குகொண்டனர். செயற்கை நுண்ணறிவு ஆராய்ச்சியாளர் கையாண்ட லிஸ்ப் என்னும் மொழியிலிருந்தே அது எடுக்கப்பட்டது. ஆகவே, சிறுவர்க்கு இக்கலையைக் கற்பித்தல் நேற்றுத் தோன்றிய புதுமையன்று. ஆராய்ச்சியின் இளமைக் காலத்திலேயே அதனோடு உடன்வளர்ந்ததாகும்.

தொடக்கத்தில் லோகோ, சொற்களையும் வாக்கியங்களையும் கொண்டே விளையாடச் செய்தது. பேப்பேட் தமது நூலிற் குறிப்பிடும் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு இலக்கணம் கசப்பானது. கணினியைக் கொண்டு கவிதை புனைவிக்க அவள் முயன்றாள். சொற்கள் முறையின்றி வந்து விழுந்தன. அவற்றை ஒழுங்குபடுத்தச் சொற்களை இனம் இனமாகப் பிரிக்கவேண்டியிருந்தது. பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் எதற்காக இருக்கின்றன என்பது அப்பொழுதுதான் அவளுக்கு விளங்கிற்று. இலக்கணப் பாடம் நடத்திய எந்த ஆசிரியரும் இதன் அருமையை உணர்வார்.

பின்னர் வந்தது ஆமை. பிரித்தானிய அறிஞர் கிரே வோல்டர் 1940 களின் இறுதியிற் செய்த ஊரும் யந்திர ஆமைகளை நினைவூட்டும் பெயர் அது. லோகோவின் ஆமை, குழந்தையின் கட்டளைப்படி தரையில் ஊர்ந்து, எழுதுகோலாற் கோடு கீறும். நூறு அடி முன்னே செல், தொண்ணூறு பாகை வலப்புறம் திரும்பு என்று நான்கு முறை கட்டளையிட்டால் சதுரம் பிறக்கும். கோடு கோணலாயின் குழந்தை அழுவதில்லை. தானே எழுந்து ஆமைபோல் நடந்து பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்கும். ஏடு தொடக்கும் நாளில் அரிசியில் அகரம் எழுதும் பிஞ்சு விரலைப் போன்று, இங்கும் உடல் வழியாகவே அறிவு புகுகின்றது. பிழை என்பது தண்டனைக்குரிய குற்றமன்று, தேடித் திருத்தற்குரிய பொருள் என்பதே ஆமை புகட்டிய பெரும் பாடம். எழுத்தறியாச் சிறாரும் பயன்பெறுமாறு, 1970 களின் நடுப்பகுதியில் ரேடியா பேர்ல்மன் என்னும் அம்மையார் பொத்தான்களால் இயங்கும் கருவிகளை அமைத்தார்.

பேப்பேட்டின் நூல் 1980 இல் வெளிவந்தபின் லோகோ பல நாட்டுப் பாடசாலைகளிற் புகுந்தது. ஆயினும், நியூயோர்க்கின் பாங்க் ஸ்ட்ரீட் கல்லூரி ஆய்வாளர் 1984 இல் ஓர் உண்மையை எடுத்துக்காட்டினர். லோகோ கற்ற சிறுவர், மற்றைய காரியங்களைத் திட்டமிடுவதிலே தாமாகவே சிறந்து விளங்கவில்லை. கருவியை வகுப்பறையில் வைத்துவிட்டால் அறிவு வந்துவிடும் என்பது வீண் நம்பிக்கை; வழிகாட்டும் ஆசிரியர் இன்றியமையாதவர் என்பதே இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

இன்றைய யந்திரமோ வேறொரு வகையினது. அது கட்டளையினால் மட்டுமன்றி, உதாரணங்களாலும் கற்கின்றது. 2017 இல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட டீச்சபிள் மெஷின் என்னுங் கருவியிற் குழந்தை தன் பொருள்களைப் படக்கருவிமுன் காட்டி, இன்னது இன்னதெனப் பழக்கலாம். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரண்டி வில்லியம்ஸ் முதலியோர் 2019 இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு முதல் ஆறு வயதுச் சிறாரும் இப்பணியைச் செய்தனர். நல்ல உணவு எது, தீய உணவு எது என்று சில உதாரணங்களைச் சிறு ரோபோவுக்குக் காட்டி, புதியதோர் உணவைப் பற்றி அது என்ன சொல்லும் என்று ஊகித்தனர். நல்லவற்றை மட்டுமே காட்டினால், தீயதையும் அது நல்லதென்றே கருதக்கூடும். யந்திரத்தின் தீர்ப்பு, அதற்குக் காட்டப்பட்டவற்றின் நிழலே என்பதைச் சின்னஞ்சிறு பிள்ளையும் விளையாட்டாகவே அறியலாம்.

இவ்வறிவு ஏன் வேண்டும்? 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அதன்பின், பிள்ளை எழுதவேண்டிய கட்டுரையை யந்திரமே நொடியில் எழுதித் தரும் நிலை வந்துள்ளது. ஸ்கின்னரின் யந்திரமாவது பிள்ளையிடம் விடையை எதிர்பார்த்தது. இதுவோ விடையையும் தானே தந்துவிடுகின்றது. அதனைப் பார்த்தெழுதும் பிள்ளை, கவிதைக்காகச் சொற்களைப் பிரித்த சிறுமி பெற்ற தெளிவைப் பெறமாட்டான். தடைவிதித்து இதனை வெல்லல் அரிது. யந்திரத்தைப் பழக்கிப் பார்த்த பிள்ளைக்கோ, அது சொல்வதெல்லாம் வேதமாகத் தோன்றாது. உனக்கு இதை யார் காட்டினார், எதைக் காட்டாமல் விட்டார் என்று அவன் கேட்பான்.

விலையுயர்ந்த கருவியில்லாத பாடசாலையிலும் இதனைத் தொடங்கலாம். ஒரு பிள்ளை யந்திரமாக நிற்க, மற்றொருவன் கட்டளையிடட்டும். இலைகளைக் காட்டி, இனம் பிரிக்கும் விதியை அவர்களே கண்டறியட்டும். விதி பொய்க்கும் இடத்தில் ஆசிரியர் அருகிருந்து, ஏன் பொய்த்தது என்று வினவட்டும். அவ்வினாவே பாடத்தின் உயிர்நிலை.